ஜன்னலைச் சாத்தச் சொன்னவள்

கோஷவாக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் நல்ல வார்த்தை பேசமாட்டார்கள். டான்யூப் நதியை ஒட்டி ஏறிவரும் அந்தக் காற்று சட்டைக் கழுத்துக்குள் புகுந்து எலும்புவரை போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு நவம்பர் காலையில்தான் ஸ்லாவென்கா, ஊர் எல்லையில் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு முதல் புகாரை விசாரிக்கப் போனாள். போகும்போதே கோபமாகத்தான் போனாள்.

ஸ்லாவென்கா சமூக நலத்துறை ஆய்வாளர். மாவட்டத்தில் இருக்கும் முதியோர் இல்லங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் பெயரைக் கேட்டாலே இல்லம் நடத்துகிறவர்கள் பதிவேடுகளைத் தேடி ஓடுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள். காபி கொடுத்தால் குடிக்கமாட்டாள், தண்ணீரைக்கூடத் தொடமாட்டாள். வாங்கிக் குடித்த வாயால் எப்படித் திட்டுவது என்பாள். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு வயசானவர்களோடு தனியாகப் பேசுவாள், அப்புறம்தான் முதலாளி. சாயங்காலமானால் நாம் வீட்டுக்குப் போய்விடுவோம், புகார் சொன்னவர்கள் அதே கட்டிலில் அதே ஆட்களின் கையில் கிடப்பார்கள் என்பதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

புகார் சொன்னவள் விதோசாவா. எல்லோருக்கும் விதா அத்தை. வேலையில் இருந்த காலமெல்லாம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவள். மேயரே வந்தாலும் வரிசையில் நிற்கவைத்தவள். எண்பதை நெருங்கியும் வாய் மட்டும் கொஞ்சமும் தளரவில்லை. ஆபீஸுக்குப் போன் போட்டு அவள் சொன்னது இதுதான்: "இங்க எங்களக் குறுக்குக்காத்துல போட்டுக் கொல்லப் பாக்குறாங்க. வந்து பாருங்க. அப்புறம் வந்தா பொணத்தத்தான் பாக்கணும்."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வராது. எதிரெதிரே ஜன்னலும் கதவும் திறந்திருந்து, நடுவே ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். வாய் கோணும், காது அடைக்கும், இடுப்பு பிடிக்கும், கடைசியில் ஆளே போய்விடுவான். ஜூலை மாதப் புழுக்கத்தில் பஸ்ஸுக்குள் வேர்த்து வழிந்தாலும், ஒருத்தன் ஒரு ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னலைச் சாத்தச் சொல்லி நாலு பேர் கத்துவோம். ஸ்லாவென்காவின் அம்மாவுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஏதோ நரம்பு என்றார். ரயில் ஜன்னல் என்றாள் அம்மா. ஸ்லாவென்கா நம்பியது அம்மாவைத்தான்.

விதா அத்தையின் அறை கீழ்த்தளத்தில், பின்பக்கம். முதலாளி ராதோமிர் முன்பு அந்த வீட்டில் கல்யாண விருந்து ஹோட்டல் நடத்தினான். இந்த அறைதான் அப்போது சரக்கு அறை. வீட்டின் வெந்நீர்க் குழாய்கள் இவ்வளவு தூரம் எட்டாததால் இதற்கு மட்டும் தனியாக ஒரு எரிவாயுக் கணப்பு, அதற்கொரு பழைய புகைபோக்கி. இரண்டு கட்டில். ஒன்றில் விதா அத்தை. இன்னொன்றில் பெர்சா, பக்கவாதம் வந்து பேச்சு போனவள். யார் கையைக் கொடுத்தாலும் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான்.

ஸ்லாவென்கா போன நேரத்தில் கையும் களவுமாகவே பிடித்துவிட்டாள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. எதிரே கதவும் திறந்திருந்தது. திரைச்சீலை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெர்சா மூக்குவரை போர்த்திக்கொண்டு கிடக்க, ஜன்னலோரம் பணிப்பெண் யாகோடா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க நீங்க?"

யாகோடா திடுக்கிட்டுத் திரும்பினாள். "காத்தோட்டம் விடுறேன் மேடம். காலைல உள்ள வந்தா ரூம் ஒரே கனமா இருக்கு. எனக்கே தலைய வலிக்குது."

"கேட்டீங்களா கதைய! மகாராணிக்குத் தலைவலியாம்," என்றாள் விதா அத்தை கட்டிலிலிருந்து. "அதுக்கு நாங்க சாகணுமாம்."

"ஒரு அஞ்சு நிமிஷம்தானே அத்தை..."

"அஞ்சு நிமிஷம் தாராளம்டி. எங்க வீட்டுக்காரரு ஸ்டேஷன்ல அஞ்சு நிமிஷம்தான் நின்னாரு. அந்த வாரமே மாலை போட்டாச்சு. தினமும் இதே கூத்துதான் இன்ஸ்பெக்டரம்மா. எதுக்குன்னு நெனைக்கிறீங்க? வெளிய எட்டிப் பாருங்க."

ஸ்லாவென்கா எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே சிகரெட் துண்டுகள் குவிந்து கிடந்தன. காற்றோட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மணி புகை பிடிக்கத்தான் இரண்டு கிழவிகளையும் காற்றில் போட்டு வதைத்திருக்கிறாள். யாகோடாவின் முகம் சிவந்துபோயிற்று.

"இன்னும் இருக்கு," என்றாள் விதா அத்தை. "பெர்சா கட்டிலுக்குப் பின்னாடி பாருங்க, ஒரு ஓட்டை. ராவும் பகலும் அவ முதுகுலயே அடிக்குது. பாவம், வாய் செத்தவ, சொல்லவும் முடியாது."

கட்டிலுக்குப் பின்னால், தரையை ஒட்டி, சுவரில் ஒரு கம்பிவலைத் துவாரம் இருந்தது. ஸ்லாவென்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று அடித்தது. அவளுக்கு அம்மாவின் கோணிய வாய் ஞாபகம் வந்தது.

ராதோமிரை அழைத்து நன்றாகக் காய்ச்சினாள். அவன் எதற்கும் சண்டைக்கு வரும் ஆள்தான். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "எங்கம்மா சத்தியமா மேடம், இத நானே அவகிட்ட எத்தன தடவ சொல்லிட்டேன். குறுக்குக்காத்துன்னா எனக்கே உசுரு போயிடும்." ஆய்வாளரும் முதலாளியும் ஒரே குரலில் பேசியது அந்த வீட்டில் அன்று ஒரு நாள்தான். அங்கேயே உட்கார்ந்து ஸ்லாவென்கா உத்தரவு எழுதினாள். குளிர்காலத்தில் ஆட்கள் அறைக்குள் இருக்கும்போது ஜன்னலைத் திறக்கக் கூடாது. காற்று நுழையும் துவாரம் எதுவானாலும் கெட்டியாக அடைக்க வேண்டும். யாகோடாவை இந்த வேலையிலிருந்து நீக்க வேண்டும்.

அன்றைக்கே துவாரம் அடைபட்டது. யாகோடா கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். விதா அத்தை ஸ்லாவென்காவின் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டாள். பெர்சா கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு திருப்தியாக ஒரு புகாரை முடித்ததில்லை என்று ஸ்லாவென்காவுக்குத் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பெர்சா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். இல்லத்துக்கு வந்து போகிற டாக்டர் இதயம் என்று எழுதினார். அந்த வயசில் இதயம் நின்றால் எங்கள் பக்கம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஜனவரி பாதியில் விதா அத்தை மறுபடி போன் செய்தாள். ஸ்லாவென்காவுக்கு முதலில் குரலே அடையாளம் தெரியவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, தேடித் தேடி வந்தன.

"இன்ஸ்பெக்டரம்மா... டீயில ஏதோ போடுறாங்க. பெர்சாவ அப்படித்தான் முடிச்சாங்க. இப்ப என் முறை."

"யாரு அத்தை? யாரு போடுறாங்க?"

"தெரியல. காலைல எந்திரிச்சா மண்டைய யாரோ பொளக்கிற மாதிரி இருக்கு. வாந்தி வருது. கால் என் கால் மாதிரியே இல்ல. நேத்து மகன் வியன்னாலேர்ந்து போன் பண்ணான். அவன் பேரு... அவன் பேரு வரல எனக்கு. என் வயித்துல பொறந்தவன் பேரு." அவளே பேச்சை மாற்றினாள். "வியாழக்கிழமை டாக்டருங்க கூடி வராங்களாம். எனக்குப் புத்தி போயிடுச்சுன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்து, மேல்மாடிக்கு ஏத்திடுவாங்க. பூட்டு போட்ட மாடி. அங்க ஏறினவங்க யாரும் நடந்து எறங்கினதில்ல. நான் பைத்தியமில்ல மகளே. சத்தியமா இல்ல. ஆனா சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்கு."

ஸ்லாவென்கா பயந்துவிட்டாள், அதுதான் உண்மை. கிழவி சொல்வது நிஜமானால் அந்த வீட்டில் ஒருவன் விஷம் வைக்கிறான். பொய்யானால் அந்த வாயாடி விதா அத்தை உள்ளுக்குள் இடிந்துகொண்டிருக்கிறாள். இரண்டில் எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இதில் தவறாக முடிவெடுத்தால் ஒரு மனுஷியை உயிரோடு பூட்டிவைக்கக் கையெழுத்துப் போட்டதாகிவிடும். மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே கிளம்பினாள்.

கோஷவா அன்றைக்குக் கொலைவெறியோடு வீசிக்கொண்டிருந்தது. ஸ்லாவென்கா நேரே சமையலறைக்குப் போனாள். டீ ஒரே பாத்திரத்தில்தான் கொதித்தது, ஒரே கெண்டியிலிருந்துதான் எல்லோருக்கும் ஊற்றினார்கள். மற்றவர்கள் எல்லாம் நன்றாகவே இருந்தார்கள். ஒரு கிழவர் அவளைப் பார்த்துக் கண்கூட அடித்தார். மருந்து அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கூடக் குறைய எதுவும் இல்லை. ராதோமிர் பின்னாலேயே வந்தான். இந்த முறை அவன் பேச்சில் பணிவு கம்மி.

"நீங்களே பாத்துட்டீங்கல்ல? நான் ஹோட்டல் வெச்சிருந்தவன் மேடம், எவன் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டவனில்ல. கிழவிக்கு மரை கழண்டுபோச்சு. போன வாரம் ஸ்லிப்பர எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டு மகன்கூடப் பேசுது. மகனே சரின்னுட்டாரு. நீங்க ஒரு வரி எழுதிட்டா நாளைக்கு டாக்டருங்களுக்கும் சுலபம்."

ஸ்லாவென்கா பின்னறைக்குப் போனாள்.

விதா அத்தை பாதியாகியிருந்தாள். ஆனாலும் உதட்டில் விரல் வைத்து, "கதவச் சாத்துங்க. வெளிய நின்னு கேப்பாங்க," என்றாள். ஸ்லாவென்கா எப்போதும் செய்வதுதானே, சாத்தினாள். பெர்சாவின் காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே குளிரில் நடுங்கிவிட்டு வந்தவளுக்கு அந்த அறையின் சூடு இதமாக இருந்தது. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. புகைபோக்கிக்குள் காற்று ஊளையிட்டது. தன் உத்தரவால் இந்த அறையாவது உருப்பட்டதே என்றுகூட நினைத்தாள்.

"டீ இன்னைக்குக் குடிச்சீங்களா அத்தை?"

"மூணு நாளா தொடறதேயில்ல. குழாயில நானே புடிச்ச தண்ணிதான். ரொட்டியக்கூட மத்தவங்க தட்டுலேர்ந்துதான் எடுக்கறேன்."

"அப்பவும் தலைவலியா?"

"அப்பவும்தான். காத்தடிக்கிற நாள்ல ரொம்ப மோசம்."

ஸ்லாவென்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. குடிக்காத டீயில் விஷம் எப்படி வரும்? காற்றடிக்கிற நாளில் யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை? ராதோமிர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. எழுத வேண்டியதைத்தான் எழுத வேண்டும். ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை. என்ன கிழமை, தபால் ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்கள் யார் யார், மகனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். விதா அத்தை சிலதற்கு டக்கென்று பதில் சொன்னாள், சிலதற்குத் திணறினாள்.

"பெர்சா போன அன்னிக்கு நீங்கதான் முதல்ல பாத்தீங்களா?"

"நான்தான். எவ்ளோ அழகா இருந்தா தெரியுமா. ரெண்டு கன்னமும் செவந்து, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி. செத்தவ மாதிரியே இல்ல."

கோஷவா தலையைக் குடைந்தது. ஸ்லாவென்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். "மகனுக்கு எத்தன பிள்ளைங்க அத்தை?"

விதா அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். "இத இப்பதான கேட்டீங்க. ரெண்டு தடவ."

ஸ்லாவென்கா யோசித்துப் பார்த்தாள். அவளுக்குக் கேட்ட நினைவே இல்லை. பதிலும் நினைவில்லை. எவ்வளவு நேரமாக இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? கண்ணுக்கு முன்னால் சுவர் மெதுவாக நகர்ந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். எதில்? எதில் கொடுத்தார்கள்? காபி வேண்டாமென்றாள். தண்ணீர் வேண்டாமென்றாள். இந்த வீட்டில் அவள் வாயில் எதுவுமே படவில்லை.

மூச்சைத் தவிர.

அது புரிந்த வேகத்தில் எழுந்தாள். முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தாள். "அத்தை!" என்று கத்தினாள், முனகலாகத்தான் வந்தது. விதா அத்தையின் தலை தோளில் சாய்ந்திருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, அழகாக இருந்தாள்.

கதவு அறையின் அந்தக் கோடியில். ஜன்னல்தான் பக்கம். ஸ்லாவென்கா தவழ்ந்தாள். கையும் காலும் வேறு யாருடையதோ போல இழுத்தன. படுத்துக்கொள், கொஞ்ச நேரம் படுத்துக்கொள் என்று உடம்பு கெஞ்சியது. அவளுக்கு அந்தக் கெஞ்சல்தான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது, ஏனென்றால் அது சுகமாக இருந்தது. ஜன்னல் விளிம்பைப் பிடித்து எழுந்து கைப்பிடியைத் தேடினாள்.

கைப்பிடி இல்லை. கழற்றிவிட்டிருந்தார்கள். யாரும் திறக்கக் கூடாது என்று அவள் எழுதியதை ராதோமிர் அவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றியிருந்தான். விளிம்பைச் சுற்றி பஞ்சுத் துணி வேறு திணித்து ஒட்டியிருந்தது.

அவள் அழுதுவிட்டாள். அழுதபடியே கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். மலம் எடுக்கும் தகரப் பாத்திரம் அகப்பட்டது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் அடிக்கு விரிசல் விட்டது. மூன்றாம் அடிக்குக் கண்ணாடி, பாத்திரம் எல்லாம் தோட்டத்தில் போய் விழுந்தன. கோஷவா உள்ளே பாய்ந்தது. உடைந்த கண்ணாடிக்கு நடுவே முகத்தை நீட்டி, பிறந்ததிலிருந்து அஞ்சி ஒதுங்கிய அந்தக் காற்றை ஸ்லாவென்கா வாயைப் பிளந்து குடித்தாள்.

சத்தம் கேட்டு ராதோமிர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். வந்தவனின் முகத்தில் ஊதைக்காற்று அறைந்தது. "ஐயோ, குறுக்குக்காத்து!" என்று அலறிக்கொண்டு கதவைத் திரும்பச் சாத்தப் போனான்.

"சாத்தாதடா!" என்று கத்தினாள் ஸ்லாவென்கா. "தொட்டீன்னா கொன்னுடுவேன். அத்தைய வெளிய இழு! இழுடா!"

ஆம்புலன்ஸோடு தீயணைப்பு வண்டியும் வந்தது. கையில் கருவியோடு பின்னறைக்குள் போன தீயணைப்பு அதிகாரி உடனே வெளியே வந்து வீட்டையே காலி செய்யச் சொன்னார். "கார்பன் மோனாக்சைடு," என்றார். "நெறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. மூச்சுல ஏறினா கன்னம் செவந்து, ஆளு தூக்கத்துலயே போயிடுவாங்க. இந்த மாதிரிக் கணப்பு ரூம் காத்த எடுத்துத்தான் எரியும். காத்து வர ஓட்டை இல்லேன்னா மூச்சுத் திணறுற மாதிரி எரிஞ்சு விஷத்தக் கக்கும். அதுலயும் கோஷவா அடிச்சா, புகைபோக்கி வழியாப் போறதும் திரும்ப உள்ளதான் வரும். கணப்பு வெச்சவங்க அதுக்குன்னுதான் அடியில ஓட்டை விட்டிருக்காங்க. அத எந்தப் புண்ணியவான் அடைச்சது?"

ராதோமிர் ஸ்லாவென்காவைப் பார்த்தான். அவன் பார்வையில் குற்றம் சாட்டுவதுகூட இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. அவள் பெர்சாவின் கையை நினைத்தாள். உத்தரவு எழுதிய அதே கையைத்தான் பெர்சா பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிகரெட் பைத்தியம் ஒருத்தி தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஊதியதால்தான் அந்த இரண்டு கிழவிகளும் அதுவரை உயிரோடு இருந்திருக்கிறார்கள். அவளை விரட்டியாயிற்று.

ஆஸ்பத்திரியில் விதா அத்தைக்கு முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஸ்லாவென்காவுக்கும் கொடுத்தார்கள்; கொஞ்சம் தெம்பு வந்ததும் கழற்றிவிட்டு, விரல்களில் கட்டோடு அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் அத்தை கண் விழித்தாள். ஸ்லாவென்கா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப டீ இல்லியா?"

"இல்ல அத்தை."

"எனக்குப் பைத்தியமும் இல்ல?"

"இல்லவே இல்ல. நாளைக்கு எந்த டாக்டரும் வரமாட்டாங்க. நான் பேசிட்டேன்."

விதா அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிலுடின்," என்றாள் திடீரென்று. "என் மகன் பேரு மிலுடின்." கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அப்புறம் கேட்டாள்: "அப்ப பெர்சாவ யாரு கொன்னது?"

"நான்தான் அத்தை."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போர்வைக்கடியிலிருந்து எலும்பும் தோலுமான ஒரு கை வந்து ஸ்லாவென்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி வலித்தது. "ரெண்டு பேரும்னு சொல்லு," என்றாள் விதா அத்தை. "அடைக்கச் சொல்லிக் கேட்டவ நான். நீ பெரிய மனுஷியாட்டம் ஒத்தையா தூக்கிக்கிட்டுப் போகாத."

ஸ்லாவென்காவால் அங்கே உட்கார முடியவில்லை. நடைவழிக்கு வந்து மேலதிகாரி ஸ்வெதோசாருக்குப் போன் செய்தாள். மனுஷர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. தட்டுச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டார்.

"ஸ்லாவென்கா," என்றார் கடைசியில். தட்டுச் சத்தம் நின்றிருந்தது. "அந்த உத்தரவு... நீ ரொம்ப நல்லா எழுதியிருந்தியேன்னு, புத்தாண்டுக்கு முன்னாடியே நான் அத எல்லா இல்லத்துக்கும் அனுப்பிட்டேனே. கண்டிப்பா கடைப்பிடிக்கணும்னு போட்டு."

நடைவழியின் ஜன்னல்கள் எல்லாம் கோஷவாவில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. ஸ்லாவென்கா இணைப்பைத் துண்டித்தாள். கட்டுப் போட்ட விரல்கள் எண்களைத் தவறவிட்டன. மாவட்டத்தில் பழைய வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கணப்பு உண்டு. எந்த இல்லத்தில் யார் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் வினை. ஒவ்வொருவர் முகமாக எதிரே வந்து நின்றது.

முதலில் மலைமேல் இருக்கும் இல்லத்தை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அவள் வாய்விட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் போன நர்ஸ் நின்று பார்த்தாள். ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது, உற்சாகமாக.

"இன்ஸ்பெக்டர் மேடமா? வணக்கம் வணக்கம்! நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் அடைச்சாச்சு மேடம், ஈ புகாது. நீங்க நல்லா இருக்கணும். எங்க ஆளுங்க எப்படித் தூங்குறாங்கங்கறீங்க! மத்தியானம் படுத்தவங்க இன்னும் எந்திரிக்கல, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரல."

"ஜன்னலத் தொற!" ஸ்லாவென்கா கத்திய கத்தலில் நடைவழியே திரும்பியது. "எல்லாத்தையும் தொற! கதவு, ஜன்னல், எல்லாம்! கணப்ப அணை! ஓடு!"

"இந்தக் காத்துலயா?" அந்தப் பெண் சிரித்தே விட்டாள். "மேடம், குடிச்சிருக்கீங்களா? குறுக்குக்காத்து அடிச்சு எல்லாரும் செத்துருவாங்க."

"செத்துக்கிட்டு இருக்காங்கடி! கண்ணாடிய ஒட! உன் கால்ல விழறேன், ஓடு!"

போன் எதிலோ மோதிய சத்தம் கேட்டது. ஓடும் காலடி. கதவு தட்டும் சத்தம், பிறகு இன்னும் பலமாக. அந்தப் பெண் யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள், இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. ஸ்லாவென்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மரச்சட்டம் ஏதோ முறிந்தது, கண்ணாடி நொறுங்கியது, காற்று ஹோவென்று போனுக்குள்ளேயே வந்து இரைந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே எதுவுமே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது.

அப்புறம் தொலைவில், கரகரத்த தொண்டையில், ஒரு கிழவனின் குரல் எழுந்தது. ஜன்னலைத் திறந்தவளின் அப்பனையும் ஆத்தாளையும் ஏழு தலைமுறையையும் அது வரிசையாகத் திட்டியது. "எவடி அவ! குறுக்குக்காத்துல போட்டுக் கொல்லப் பாக்குறியா? சாத்துடி!" இருமல். இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டு திட்டியது. மூன்றாவதாக ஒரு கிழவி அழுதுகொண்டே திட்டினாள்.

ஸ்லாவென்கா வாயைப் பொத்திக்கொண்டு, கடைசிக் கெட்ட வார்த்தைவரை கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த இல்லத்தின் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது.